துருவப் பனி உருகுகிறதா, கூடுகிறதா? எண்கள் சரி, கணக்குதான் இடிக்கிறது

கேள்வி: துருவப் பனி உருகுகிறது என்கிறார்கள். ஆனால் 2012-ஐ விட இப்போது ஆர்க்டிக்கில் பனி அதிகம். அண்டார்டிகாவில் பனி கூடுவதாக நாசாவே 2015-இல் சொன்னது. கிரீன்லாந்தில் 2016–17-இல் 500 கிகா டன்னுக்கு (ஒரு கிகா டன் 100 கோடி டன்) மேல் பனி சேர்ந்தது. 2013-இல் ஆர்க்டிக்கில் பனியே இருக்காது என்ற ஆரூடமும் பொய்த்துப் போனது. தவிர, மிதக்கிற பனி உருகினால் கடல் மட்டம் ஏறாதே. பிறகு எதற்கு இவ்வளவு கூச்சல்?

பதில்:

கேள்வியில் இருக்கிற எண்கள் ஏறக்குறைய எல்லாமே உண்மை. வாட்ஸ்அப் கட்டுக்கதை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அப்படி ஒதுக்கப் பார்ப்பவர்கள்தான் இந்த விவாதத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. கடல் பனியின் பரவல், கடல் பனியின் கனம் (தடிமன்), நிலப்பனியின் மேற்பரப்பில் சேரும் வரவு, நிலப்பனியின் மொத்த எடை என்று நான்கு தனித்தனி அளவுகள் உண்டு. ஒன்றைப் பற்றிய கேள்விக்கு இன்னொன்றின் எண்ணைப் பதிலாக நீட்டுவதுதான் இரு தரப்பிலும் நடக்கிறது. ஒவ்வொன்றையும் அளக்கும் கருவி வேறு, தப்பு நேரும் இடமும் வேறு.

முதலில் ஆர்க்டிக் கடல் பனியின் பரவல். பனிக்கட்டியும் கடல் நீரும் தாமாகவே வெளியிடும் மைக்ரோவேவ் கதிர்வீச்சின் அளவு வேறுபடும். அதைச் செயற்கைக்கோள் மேலிருந்து பதிவு செய்கிறது. மேகமும் ஆறு மாத இருட்டும் இதற்குத் தடையில்லை. இப்படி அளக்கும் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978 அக்டோபரில் ஏவப்பட்டதால்தான் எல்லா வரைபடங்களும் 1979-இல் தொடங்குகின்றன. பனி அதிகமாக இருந்த ஆண்டை வேண்டுமென்றே பிடித்துத் தொடங்கினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கடலை 25 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் பனி இருந்தால் முழுக் கட்டத்தையும் ‘பரவல்’ கணக்கில் சேர்க்கிறார்கள்; ‘பரப்பு’ கணக்கில் பனி இருக்கும் பங்கு மட்டுமே சேரும். அதாவது 625 சதுர கி.மீ. கட்டத்தில் 20 விழுக்காடு பனி இருந்தால், ‘பரவல்’ கணக்கில் 625, ‘பரப்பு’ கணக்கில் 125. ஒருவர் பரவல் எண்ணையும் இன்னொருவர் பரப்பு எண்ணையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினால், பத்து லட்சம் சதுர கி.மீ. வித்தியாசம் சர்வ சாதாரணமாக வரும். இதில் பாதிச் சண்டை அப்படி வந்ததுதான். கீழே நான் தரும் கடல் பனி எண்கள் எல்லாம் பரவல் கணக்கு.

ஆர்க்டிக் பனி மார்ச்சில் உச்சத்துக்கும் செப்டம்பரில் அடிமட்டத்துக்கும் போகும். 1980-களில் பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பர் அடிமட்டம் 65 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல். 1981–2010 சராசரி 62 லட்சம். 2012-இல் சுமார் 34 லட்சம், அதாவது இந்தியாவின் பரப்பை விடக் கொஞ்சம்தான் அதிகம். 2013-இல் 51 லட்சம். ஒரே ஆண்டில் 50 விழுக்காடு பனி கூடிவிட்டது என்று அப்போது தலைப்புச் செய்தி போட்டார்கள், பொய்யில்லை. ஆனால் 2012-இல் ஏற்கெனவே மெலிந்து கிடந்த பனியை ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு பெரும் புயல் உடைத்துச் சிதறடித்தது. அந்த அடிமட்டத்திலிருந்து அளந்தால் அடுத்து எந்த ஆண்டும் ‘மீட்சி’யாகத்தான் தெரியும். 2024-இல் சுமார் 43 லட்சம், 2025-இல் 46 லட்சம். இரண்டுமே 2012-ஐ விட அதிகம், இரண்டுமே 1981–2010 சராசரியை விட மிகக் குறைவு. 2007 முதல் 2025 வரையான 19 ஆண்டுகளும்தான் மொத்தப் பதிவிலேயே மிகக் குறைந்த 19 அடிமட்டங்கள். குளிர்கால உச்சத்தில் சரிவு இவ்வளவு வேகமில்லை. ஆனாலும் 2025 மார்ச்சில் எட்டிய 143 லட்சம்தான் அதுவரையான பதிவிலேயே மிகக் குறைந்த உச்சம்.

இங்கே சந்தேகவாதிகள் தரப்பில் வலுவான ஒரு புள்ளி உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. 2005-க்கும் 2024-க்கும் இடைப்பட்ட செப்டம்பர் எண்களை மட்டும் எடுத்தால், புள்ளியியல் ரீதியாக உறுதியான சரிவு இல்லை. 2025-இல் வந்த ஓர் ஆய்வே இதைச் சொல்கிறது. ஆனால் அதே ஆய்வு, இப்படிப்பட்ட இருபது ஆண்டுத் தேக்கம் காலநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரிகளில் கணிசமான ஓட்டங்களில் தானாகவே வருகிறது என்றும், வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும்போதே கடல், காற்று ஆகியவற்றின் இயல்பான ஊசலாட்டம் சில காலம் சரிவை மறைக்கும் என்றும் காட்டுகிறது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவரும், அப்படி ஒரு தேக்கமே இல்லை என்று சாதிப்பவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

பரவல் கணக்கில் கனம் தெரியாது. அரை மீட்டர் பனியும் நான்கு மீட்டர் பனியும் அதில் ஒன்றுதான். அமெரிக்க நீர்மூழ்கிகளின் சோனார் பதிவுகளை ஒப்பிட்டு 1999-இல் வெளியான ஆய்வில், நீருக்கடியில் இருக்கும் பனியின் சராசரி ஆழம் 1958–76 காலத்தில் 3.1 மீட்டராக இருந்து 1990-களில் 1.8 மீட்டராகக் குறைந்திருந்தது. இப்போது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கிரையோசாட்-2 இந்த வேலையைச் செய்கிறது. பனியின் மொத்தக் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும். செயற்கைக்கோள் அந்தப் பத்தில் ஒரு பங்கை அளந்து மீதியைக் கணக்கிடுகிறது. இரண்டு மீட்டர் பனியில் மேலே தெரிவது 20 சென்டிமீட்டர். அதில் 2 சென்டிமீட்டர் பிழை என்றால் கனத்தில் 20 சென்டிமீட்டர் பிழை. பனியின் மேல் குவியும் பொழிபனி தன் எடையால் அதை அமுக்குகிறது. கோடையில் மேலே தேங்கும் உருகுநீர்க் குட்டைகள் ரேடாரைக் குழப்புகின்றன. இத்தனை பிழை வாய்ப்புகள் இருந்தும், பரவலை விடக் கனமும் கன அளவும் வேகமாகக் குறைந்திருப்பதில் ஆய்வாளர்களிடையே தகராறு இல்லை. பல கோடைகளைத் தாண்டிய பழைய தடித்த பனி பெருமளவு போய்விட்டது. இருப்பது பெரும்பாலும் ஒரு குளிர்காலத்துப் பனி.

அண்டார்டிகாவுக்கு வருவோம். அங்கே கடல் பனியையும் நிலப்பனியையும் போட்டுக் குழப்பினால் எதையும் புரிந்துகொள்ள முடியாது. ஆர்க்டிக் என்பது நிலம் சூழ்ந்த கடல். அண்டார்டிகா கடல் சூழ்ந்த நிலம். அங்கே கடல் பனியின் பெரும்பகுதி ஒவ்வொரு கோடையிலும் உருகிவிடும். அதன் விளிம்பைக் காற்றும் நீரோட்டமும் முன்னும் பின்னும் தள்ளும். 1979 முதல் அது மெல்லக் கூடி, 2014 செப்டம்பரில் 200 லட்சம் சதுர கி.மீ.யைத் தாண்டியது. புவி சூடாகவில்லை என்பதற்கு அதுதான் கைவசம் இருந்த பெரிய ஆதாரம். 2016-இல் திடீரெனச் சரிந்தது. 2023 பிப்ரவரியில் 17.9 லட்சமாகி, பதிவிலேயே மிகக் குறைந்த அடிமட்டம். அதே ஆண்டு குளிர்கால உச்சம் சுமார் 170 லட்சம், அதற்கு முந்தைய மிகக் குறைந்த உச்சத்தை விடவும் 10 லட்சம் கீழே. இதை வைத்து ‘அண்டார்டிகாவும் போச்சு’ என்று முழங்குவதும் அவசரம்தான். 2020 வரையான பதிவில் தெளிவான நீண்டகாலப் போக்கு எதுவும் இல்லை என்றே ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கை எழுதியது. அதன் பிறகு நடந்தது நிலையான மாற்றமா என்று சொல்ல இன்னும் சில ஆண்டுகள் வேண்டும்.

இனி அந்த ‘நாசா சொன்னது’. 2015-இல் நாசா விஞ்ஞானி ஜே ஸ்வாலி தலைமையிலான குழு, 2003–08 காலத்தில் அண்டார்டிக நிலப்பனி ஆண்டுக்கு 82 கிகா டன் கூடியதாக எழுதியது. ஒரு கிகா டன் என்பது தண்ணீராக ஒரு கன கிலோமீட்டர். ஐஸ்சாட் செயற்கைக்கோளின் லேசர் உயர மானியை வைத்து வந்த முடிவு அது. இந்த வழியில் எங்கே உதைக்கும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். கிழக்கு அண்டார்டிகா சுமார் ஒரு கோடி சதுர கி.மீ. அங்கே பனியின் உயரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 100 கன கி.மீ. அந்த ஒரு சென்டிமீட்டர் இறுகிய பனிக்கட்டி என்றால் அடர்த்தி 0.92, எடை 92 கிகா டன். அண்மையில் பெய்த தளர்ந்த பனி என்றால் அடர்த்தி 0.35 வாக்கில், எடை 35 கிகா டன். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீடிக்கும் பனிக்கட்டித் தடிப்பு என்று ஸ்வாலி குழு பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது, மற்றவர்கள் ஒப்பவில்லை. போதாக்குறைக்கு, லேசர் கருவியின் ஒவ்வொரு அளவெடுப்புச் சுற்றுக்கும் இடையே சில சென்டிமீட்டர் வரை விலகல் இருந்தது. அதைத் திருத்துவதில் எடுக்கும் முடிவைப் பொறுத்து மொத்தக் கணக்கின் குறியே கூட்டலிலிருந்து கழித்தலுக்கு மாறிவிடும். இன்னொன்றும் உண்டு. இழப்பு இதே வேகத்தில் கூடினால் இருபது முப்பது ஆண்டுகளில் வரவைத் தாண்டிவிடும் என்று ஸ்வாலியே அப்போது சொன்னார். பகிரப்படும் படங்களில் அந்த வரி மட்டும் எப்போதும் காணாமல் போகிறது.

இதனால்தான் எடையை நேரடியாக அளக்கும் வழி முக்கியமானது. 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் என்பது சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும் இரண்டு செயற்கைக்கோள்கள். கீழே எடை அதிகமான இடம் வந்தால் முன்னால் போவது முதலில் இழுபடும், இடைவெளி இம்மியளவு மாறும். அந்த மாற்றத்தை மைக்ரான் கணக்கில் அளந்து பனியின் எடையைக் கணக்கிடுகிறார்கள். இதிலும் ஓட்டை உண்டு. பனியுகம் முடிந்தபின் பாரம் குறைந்த பாறை இன்னமும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. அதுவும் எடை கூடுவது போலவே பதிவாகும். அதைக் கழிக்க வேண்டும். கிரீன்லாந்தில் இந்தத் திருத்தம் சிறியது, அண்டார்டிகாவில் ஆண்டுக்குப் பல பத்து கிகா டன். பழைய கிரேஸ் 2017-இல் ஓய்ந்து 2018 மே மாதம் அடுத்த ஜோடி ஏவப்பட்டதால், நடுவில் ஓர் ஆண்டு தரவே கிடையாது.

உயரம், எடை, பனியாறுகளின் ஓட்டம் ஆகிய மூன்று வழிகளையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கூட்டு முயற்சிதான் இம்பி. 1992-க்கும் 2020-க்கும் இடையே இரண்டு நிலப்பனிகளும் சேர்ந்து சுமார் 7,560 கிகா டன் இழந்தன, கடல் மட்டம் 21 மில்லிமீட்டர் ஏறியது என்பது அவர்கள் கணக்கு. சரிபார்ப்பது எளிது: 360 கிகா டன் கடலில் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். கிரேஸ் காலச் சராசரி கிரீன்லாந்துக்கு ஆண்டுக்கு 270 கிகா டன் வாக்கில் இழப்பு, அண்டார்டிகாவுக்கு 140 வாக்கில். அண்டார்டிகாவில் 2021–23 இடையே மொத்த எடை கூடியது என்ற செய்தியும் உண்மை. கிழக்குப் பகுதியில் வழக்கத்துக்கு மீறிப் பனி பொழிந்தது. சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும் என்பதால் இதில் முரண் இல்லை. மேற்கில் பனியாறுகள் கடலுக்கு ஓடுவது அதனால் நிற்கவும் இல்லை.

கிரீன்லாந்தின் 500 கிகா டன் கதைதான் நான்கிலும் சுலபமாக அவிழ்வது. டென்மார்க்கின் போலார் போர்ட்டல் தளம் நாள்தோறும் வெளியிடுவது மேற்பரப்புக் கணக்கு: பெய்த பனியைக் கூட்டி, மேலே உருகி ஓடியதைக் கழித்தது. 2016–17 பருவத்தில் அது சுமார் 544 கிகா டன். ஆனால் பனியாற்றின் முனை உடைந்து கடலில் விழுவதும், கடல் நீர் அடியிலிருந்து அதைக் கரைப்பதும் இந்தக் கணக்கில் வராது. அவை ஆண்டுக்கு 500 கிகா டன் அளவில் இருக்கும். சம்பளம் ஏறிய பக்கத்தை மட்டும் காட்டி, கடன் தவணை போன பக்கத்தை மடித்து வைத்த பாஸ்புக் இது. அந்த ஆண்டு வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரியாக நின்றன. வரவு சரிந்து உருகலும் கூடிய 2019-இல் ஒரே ஆண்டில் இழப்பு 532 கிகா டன். மேற்பரப்புக் கணக்கு எந்த ஆண்டும் கழித்தலில் இருக்கத் தேவையில்லை. அது 500-க்குக் கீழே எவ்வளவு போகிறது என்பதே கேள்வி.

மிதக்கும் பனி: தம்ளரில் ஐஸ் உருகினால் தண்ணீர் வழியாது என்பது சரி, தம்ளரில் இருப்பது நன்னீராக இருக்கும் வரை. கடல் நீர் உப்புள்ளது, கனமானது. உருகி வருவதோ நன்னீர். எனவே இடம்பெயர்த்ததை விட 2.6 விழுக்காடு வாக்கில் அதிக இடம் பிடிக்கும். உலகின் மிதக்கும் பனி முழுக்க உருகினாலும் இதனால் ஏறுவது நான்கு சென்டிமீட்டர் வாக்கில்தான். பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அது பிடித்து நிறுத்தும் பனியை. 2002-இன் தொடக்கத்தில் அண்டார்டிகத் தீபகற்பத்தில் லார்சன்-பி என்ற மிதக்கும் பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கி.மீ. சில வாரங்களில் நொறுங்கியது. அதற்குப் பின்னால் நிலத்தின் மேல் இருந்த பனியாறுகள் முட்டுக்கொடுக்க ஆளில்லாமல் பல மடங்கு வேகமெடுத்தன. தட்டு உடைந்ததால் கடல் ஏறவில்லை. பின்னால் இருந்தது இறங்கி வந்ததால் ஏறியது. ஆர்க்டிக் கடல் பனியின் பங்கு வேறு மாதிரி. வெண்பனி வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பும், பனியில்லாத கருநிறக் கடல் நீர் பத்தில் ஒரு பங்கைக்கூட அனுப்பாது.

பொய்த்த ஆரூடங்கள் விஷயத்தில் விமர்சகர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2009 டிசம்பரில் கோபன்ஹேகனில் அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர், ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் ஆர்க்டிக் சில கோடை மாதங்களில் முழுக்கப் பனியற்றுப் போக 75 விழுக்காடு வாய்ப்பு என்று கடல் பனி ஆய்வாளர் வீஸ்லாவ் மஸ்லோவ்ஸ்கியின் பெயரைச் சொல்லிப் பேசினார். அப்படி ஒரு விழுக்காட்டைத் தான் தரமாட்டேன் என்று மஸ்லோவ்ஸ்கியே மறுத்தார். கேம்பிரிட்ஜின் பனி ஆய்வாளர் பீட்டர் வாடம்ஸ் 2015–16 வாக்கில் போய்விடும் என்றார்; போகவில்லை. ஆனால் இவை தனிநபர் கணிப்புகள், அன்றைக்கே மற்ற ஆய்வாளர்கள் ஏற்காதவை. ஐபிசிசி 2007 அறிக்கைக்கான மாதிரிகள் எதிர்ப்பக்கம் தவறின: அவை காட்டியதை விட வேகமாகப் பனி குறைந்தது. 2021 அறிக்கையின் கணிப்பு, எந்த உமிழ்வுப் பாதையிலும் 2050-க்கு முன் ஒரு செப்டம்பராவது பனியற்றிருக்க வாய்ப்பு அதிகம் என்பது. ‘பனியற்ற’ என்றால் 10 லட்சம் சதுர கி.மீ.க்குக் கீழே, பூஜ்யம் என்று பொருளில்லை. சீல்கள் மறைகின்றன, ஆர்க்டிக் சூடாகிறது என்று சுற்றும் 1922 செய்தித் துணுக்கும் போலியில்லை. அது நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டு பகுதியில் அப்போது நேர்ந்த சூட்டைப் பற்றியது. ஒரு தீவுக்கூட்டத்தின் செய்தி.

யாரையும் நம்பாமல் நீங்களே பார்க்க வேண்டுமென்றால், கொலராடோவின் போல்டரில் உள்ள என்.எஸ்.ஐ.டி.சி. மையம் தினசரிப் பரவல் கோப்பை இலவசமாகத் தருகிறது. ஆண்டு, மாதம், நாள், பரவல் என்று வரிசை; பரவல் மில்லியன் சதுர கி.மீ.யில். செப்டம்பர் வரிகளை மட்டும் வடிகட்டி, ஆண்டுவாரியாகச் சராசரி எடுத்து, எக்செல்லில் ஸ்லோப் (ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டும் ஃபார்முலா) போட்டால் 1979 முதல் ஆண்டுக்கு 70 முதல் 80 ஆயிரம் சதுர கி.மீ. இழப்பு வரும். அதே ஃபார்முலாவை 2007-இலிருந்து போட்டால் ஏறக்குறைய தட்டையாக வரும். மேலே சொன்ன இரு தரப்புப் படங்களும் இப்படித்தான் ஒரே கோப்பிலிருந்து பிறக்கின்றன.

செய்யும்போது இடறும் இடங்கள் சில. 1987 ஆகஸ்ட் வரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பதிவு, எனவே வரி எண்ணை நாள் எண்ணாக எடுக்காதீர்கள். 1987 டிசம்பர் தொடக்கம் முதல் 1988 ஜனவரி நடுப்பகுதி வரை தரவே இல்லை. குளிர்கால நாட்கள் விடுபட்டதால் ஆண்டுச் சராசரி எடுத்தால் அந்த இரண்டு ஆண்டுகளும் ஆர்க்டிக்கில் செயற்கையாகக் குறைந்து தெரியும். பரவலுக்குப் பதில் பரப்புக் கோப்பை எடுத்தால், துருவத்தைச் சுற்றிச் செயற்கைக்கோள் பார்க்காத வட்டம் கருவி மாறும்போது சுருங்குவதால், 1987-இல் பனி திடீரென ஏறியது போல ஒரு படி விழும். ஒரு நாளின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், ஐந்து நாள் சராசரி எடுங்கள். 2009 பிப்ரவரியில் ஒரு செயற்கைக்கோளின் உணரி விலகிப்போய், ஆர்க்டிக்கில் 5 லட்சம் சதுர கி.மீ. வரை பனி குறைத்துக் காட்டப்பட்டது. பனி இருக்க வேண்டிய இடத்தில் திறந்த கடல் தெரிகிறதே என்று தளத்தைப் பார்ப்பவர்கள் மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் மையத்துக்கே சிக்கலின் அளவு புரிந்தது; உடனே வேறு செயற்கைக்கோளுக்கு மாறி, பழைய நாட்களையும் திருத்தினார்கள். 2025-இல் மறுபடியும் கருவி மாறியிருக்கிறது, இப்போது ஜப்பானின் ஏ.எம்.எஸ்.ஆர்-2. அதனால் பழைய கோப்பின் பிரதி ஒன்று கையில் இருந்தால் புதியதோடு ஒட்டிவிடாதீர்கள். தொடக்கம் முதல் புதிதாகவே இறக்கிக்கொள்ளுங்கள்.